கேள்வி பதில்: சுவிஸ் எழுத்தாளர் என்பவர் யார்?

சென்ற இதழில் சுவிஸ் எழுத்தாளர் ரொபர்ட் வால்சரைப் பற்றிய ஒரு கேள்விக்கு நாலு வரி பதில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சரி, இந்த முறை சினிமா, கிரிக்கெட், கூட்டணிக் கணக்கு எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு முழுக்க சுவிட்சர்லாந்து.

ஒரு நாட்டுக்கு நான்கு தேசிய மொழிகள். அப்படியானால் சுவிஸ் இலக்கியம் என்று ஒன்று உண்டா, இல்லை சும்மா பெயர்ப்பலகையா?
– பள்ளி ஆசிரியர், மதுரை

பெயர்ப்பலகைதான் என்று அந்த ஊர் எழுத்தாளர்களே பலர் சொல்லியிருக்கிறார்கள், 19ஆம் நூற்றாண்டின் பெரிய தலையான கொட்ஃப்ரீட் கெல்லர் உட்பட. அவர் சூரிச் மாநில அரசின் தலைமைச் செயலாளராக 1861 முதல் 1876 வரை கோப்பு பார்த்தவர், தேசபக்தியில் குறை சொல்ல முடியாது. ஆனால் இலக்கியம் என்று வந்தால் நான் ஜெர்மன் மொழிக்காரன், தனியாக ஒரு சுவிஸ் தேசிய இலக்கியம் என்பதெல்லாம் வேண்டாம் என்பதுதான் அவர் நிலை. இன்றைய சுவிஸ் கூட்டரசு 1848இல் உருவானது. அக்கம்பக்கத்தில் ஜெர்மனியும் இத்தாலியும் ஒரே மொழி, ஒரே தேசம் என்று சொல்லித் திரண்டுகொண்டிருந்த காலம் அது. சுவிட்சர்லாந்து அதைச் சொல்ல முடியாது, சொன்னால் நாடு உடைந்துவிடும்.

எண்ணிக்கையைப் பாருங்கள்: ஜெர்மன் பேசுவோர் 60 சதவீதத்துக்கு மேல், பிரெஞ்சு 20க்கு மேல், இத்தாலியன் சுமார் 8, கிராவ்புண்டன் மாநிலத்து மலைமொழியான ரோமான்ஷ் அரை சதவீதம். இதில் முதல் மூன்று மொழிக்கும் எல்லைக்கு அப்பால் ஒரு பெரிய வீடு இருக்கிறது. சூரிச்சில் எழுதுபவருக்கு ஃபிராங்ஃபர்ட்டிலும் பெர்லினிலும் பதிப்பாளர், ஜெனீவாவில் எழுதுபவருக்குப் பாரிஸ் அங்கீகரிக்க வேண்டும், தெற்கே தீச்சினோவில் எழுதுபவருக்கு மிலான். ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டு முதுகோடு முதுகாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஜெனீவா வாசகர் பாரிஸில் நேற்று வந்த நாவலைப் படித்திருப்பார், மூன்று மணி நேர ரயில் தூரத்தில் சூரிச்சில் பேசப்படும் எழுத்தாளரின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். இதைச் சரிசெய்யத்தான் 1974இல் ஒரு மொழிபெயர்ப்பு நூல்வரிசையே தொடங்கினார்கள், மாநிலங்களின் ஆதரவோடு, ஒரு சுவிஸ் மொழியிலிருந்து இன்னொரு சுவிஸ் மொழிக்கு. உள்நாட்டு எழுத்தாளரை உள்நாட்டிலேயே படிக்க வைக்க மானியம் தேவைப்பட்டிருக்கிறது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

ஆனாலும் வெறும் பெயர்ப்பலகை என்று நான் முடித்துவிட மாட்டேன். அங்கே சுவாரசியமான எழுத்தெல்லாம் மொழிகள் உரசிக்கொள்கிற ஓரங்களில்தான் வந்திருக்கிறது. கொன்ராட் ஃபெர்டினாண்ட் மையர் பிரெஞ்சா ஜெர்மனா என்று பாதி வாழ்நாள் தயங்கி, பிரான்சும் ஜெர்மனியும் மோதிய 1870 போருக்குப் பிறகுதான் ஜெர்மன் என்று முடிவுகட்டினார். வால்சர் பிறந்த பீல் நகரத்தில் தெருப்பெயர்ப் பலகையே இரண்டு மொழியில் இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரே சுவிஸ் கதை 'ஹைடி'. அதை இலக்கியத்தில் சேர்ப்பீர்களா?
– இல்லத்தரசி, திருநெல்வேலி

தாராளமாகச் சேர்ப்பேன். யோஹன்னா ஷ்பீரி எழுதியது, 1880, 1881 என இரண்டு பாகமாக வந்தது. ஆல்ப்ஸ் மலை, ஆடு, பாலாடைக்கட்டி, தாத்தா என்று உலகம் நினைக்கிற சுவிட்சர்லாந்தை ஏறக்குறைய அந்தப் புத்தகம்தான் செய்துகொடுத்தது. அது அச்சானது எங்கே தெரியுமா? ஜெர்மனியில், கோத்தா என்ற ஊரில்.

ஜெர்மன் பகுதி சுவிஸ்காரர்கள் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று என்கிறார்களே. கதை எழுதும்போது என்ன செய்வார்கள்?
– வங்கி ஊழியர், ஈரோடு

நமக்கு இது விளக்கவே வேண்டாத விஷயம். வீட்டில், கடையில், அலுவலகத்தில், மாநிலச் சட்டசபையில்கூடப் பல இடங்களில் ஊருக்கு ஊர் மாறும் வட்டார ஜெர்மன். பள்ளிப் புத்தகத்திலும் செய்தித்தாளிலும் பொது ஜெர்மன். பேராசிரியரும் வட்டார மொழிதான் பேசுவார், அதில் கூச்சமே கிடையாது.

சங்கடம் எழுத உட்காரும்போது வருகிறது. எமென்டால் பள்ளத்தாக்கில் போதகராக இருந்த யெரேமியாஸ் கோட்ஹெல்ஃப் விவசாயிகளைப் பற்றி எழுதும்போது பெர்ன் வட்டார மொழியை அள்ளிப் போட்டார். பெர்லின் பதிப்பாளர் கிடைத்த பிறகு, வடக்கே இருக்கிறவனுக்கும் புரியட்டும் என்று அதைக் கொஞ்சம் வடிகட்ட வேண்டியதாயிற்று. அவருடைய 'கறுப்புச் சிலந்தி' (1842) மட்டும் படித்துப் பாருங்கள். ஞானஸ்நான விருந்தில் சாப்பிட்டுக்கொண்டே ஒரு பெரியவர் சொல்கிற பிசாசுக் கதை, இன்றைக்கும் முதுகுத்தண்டு சில்லிடும்.

அப்புறம் நூறு வருஷத்துக்கும் மேலாக வட்டார மொழி என்றால் ஊர்ப் பெருமைப் பாட்டு, கிராமிய நாடகம் என்று ஒதுங்கிக் கிடந்தது. 1967இல் பெர்னில் குர்ட் மார்ட்டி என்ற போதகர் அதே மொழியில் பெருமையும் இல்லாமல் ஏக்கமும் இல்லாமல் நவீன கவிதை எழுதினார். 2010இல் பேத்ரோ லென்ஸ் ஒரு நாவலையே அப்படி எழுதி, அது விற்றும் காட்டிவிட்டது.

பிரெஞ்சுப் பக்கம் இந்தச் சண்டை வேறு மாதிரி நடந்தது. அங்கே பழைய வட்டார மொழிகள் ஏறக்குறைய அழிந்துவிட்டன, எல்லோரும் பேசுவது பிரெஞ்சுதான், ஆனால் அது பாரிஸ் பிரெஞ்சு இல்லை. ஷார்ல் ஃபெர்தினான் ராம்யூ பாரிஸில் பத்து வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு 1914இல் ஊர் திரும்பி, வோ மாநிலத்துக் குடியானவன் பேச்சின் நடையிலேயே வாக்கியத்தைக் கட்டினார். இடறுகிற, திரும்பத் திரும்ப அதையே சொல்கிற வாக்கியங்கள். 'வேண்டுமென்றே மோசமாக எழுதுகிறான்' என்று பாரிஸ் விமர்சகர்கள் பாய்ந்தார்கள். அவர் தன் பதிப்பாளர் பெர்னார் கிராசேவுக்கு ஒரு நீண்ட கடிதமே எழுதி அச்சிட்டார் (1929): எனக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த மொழி ஒன்று, என்னைச் சுற்றி உயிரோடு இருந்த மொழி இன்னொன்று, நான் இரண்டாவதில் எழுதுகிறேன், என்கிற மாதிரி. அந்த ஆளின் முகத்தைப் பிற்பாடு 200 ஃப்ராங்க் நோட்டில் போட்டார்கள்.

வால்சரின் பென்சில் எழுத்து பற்றி ஒரு வரியில் விட்டுவிட்டீர்கள். விரிவாகச் சொல்லுங்களேன்.
– ஓவியர், புதுச்சேரி

வால்சருக்குப் பேனா பிடித்தால் கை மறுத்துப்போய்விட்ட ஒரு காலம் வந்தது. பென்சிலுக்கு மாறினார். நாள்காட்டித் தாளின் பின்பக்கம், பதிப்பாளர் அனுப்பிய கடித உறை, சம்பளச் சீட்டு என்று கிடைத்த துண்டுக் காகிதத்தில், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயரமே உள்ள எழுத்தில், இடைவெளியே விடாமல். பழைய ஜெர்மன் கையெழுத்து முறை வேறு. 526 தாள்கள் கிடைத்தன. ஒரு முழு நாவல் அதில் 24 தாளுக்குள் அடங்கிவிட்டது.

அவருடைய நண்பரும் காப்பாளருமான கார்ல் ஸேலிக்கே இதை ஏதோ ரகசியக் குறியீடு, யாராலும் படிக்க முடியாது என்று நினைத்தார். அப்படியில்லை, சாதாரண எழுத்துதான், ரொம்பப் பொடியாக எழுதப்பட்டது என்று பிறகு தெரிந்தது. பெர்ன்ஹார்ட் எஷ்டே, வெர்னர் மோர்லாங் என்ற இருவர் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தெடுத்து 1985 முதல் 2000 வரை ஆறு தொகுதிகள் வெளியிட்டார்கள். எழுதியவர் 1956 கிறிஸ்துமஸ் அன்று ஹெரிசாவ் மனநல விடுதியிலிருந்து நடக்கப் போய்ப் பனியில் விழுந்து இறந்துபோயிருந்தார்.

சுமார் 40,000 பேர் பேசுகிற ரோமான்ஷ் மொழியில் நாவல் எழுதி யார் வாங்குவார்கள்? இது வீண் வேலை இல்லையா?
– கல்லூரி மாணவி, கோவை

முதன்மை மொழியாகச் சொல்வோர் 40,000, வீட்டிலோ வேலையிலோ பேசுவோரையும் சேர்த்தால் 60,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் கேள்வியை நான் இன்னும் மோசமாக்குகிறேன்: அந்த 60,000 பேருக்கு ஐந்து எழுத்து மொழிகள்! கிராவ்புண்டன் மாநிலம் முழுக்க மலை, பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு பேச்சு மாறும். 16ஆம் நூற்றாண்டில் மதச் சீர்திருத்தம் வந்தபோது எங்கடின் பள்ளத்தாக்கு புராட்டஸ்டண்ட் பக்கம் போயிற்று, சுர்செல்வா கத்தோலிக்கமாகவே நின்றது. இவர்கள் வேதப் புத்தகம் இவர்கள் மொழியில், அவர்கள் பிரார்த்தனை நூல் அவர்கள் மொழியில். 1560இலேயே யாக்கியம் பிஃப்ரூன் புதிய ஏற்பாட்டை எங்கடின் மொழியில் அச்சிட்டுவிட்டார். ஒன்றுசேர வேண்டிய நேரத்தில் ஆளுக்கொரு எழுத்துமுறை கெட்டிப்பட்டுப்போயிற்று.

1982இல் ஹைன்ரிஷ் ஷ்மிட் என்ற சூரிச் மொழியியலாளர் ஐந்தையும் அலசி ஒரு பொது ரோமான்ஷை உருவாக்கிக் கொடுத்தார். அரசுப் படிவத்துக்கு நன்றாகவே பயன்பட்டது. ஆனால் 2003இல் இனிப் பாடப்புத்தகமும் அதில்தான் என்று மாநில அரசு முடிவெடுத்ததும் பெற்றோர்கள் எதிர்த்துக் கிளம்பி, சில வருஷத்தில் அரசு பின்வாங்க வேண்டியதாயிற்று. எழுத்தாளர்களில் பெரும்பாலோர் ஆரம்பத்திலிருந்தே ஒத்துக்கொள்ளவில்லை. யாருடைய பாட்டியும் பேசாத மொழியில் எப்படிக் கவிதை எழுதுவது? எனக்கு இதில் எழுத்தாளர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது, மொழியைப் பிழைக்க வைக்க நினைத்த நிர்வாகிகள் மேல் இரக்கமும் வருகிறது.

இன்னொன்று, மற்ற மூன்று மொழிக்கும் வெளியே ஒரு தலைநகரம் இருக்கிறது என்றேன், ரோமான்ஷுக்கு அப்படி ஒன்று கிடையாது. முசோலினி காலத்தில் இத்தாலியில் சிலர் 'ரோமான்ஷ் தனி மொழியே இல்லை, எங்கள் இத்தாலியனின் கிளை' என்று கிளம்பினார்கள். அதற்குப் பதிலாகத்தான் 1938 பிப்ரவரியில் சுவிஸ் வாக்காளர்கள் 90 சதவீதத்துக்கும் மேல் ஆதரித்து ரோமான்ஷைத் தேசிய மொழியாக்கினார்கள்.

வாங்குவார்களா என்றால், அதை நம்பி யாரும் எழுதுவதில்லை. ஆசிரியர், வானொலி ஊழியர், வேட்டைக்காரர் என்று வேறு பிழைப்பு வைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள். தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: இரண்டு மொழியிலும் தானே எழுதுவது. அர்னோ கமேனிஷின் 'ஸெஸ் நெர்' (2009) புத்தகத்தைத் திறந்தால் ஒரு பக்கம் ஜெர்மன், எதிர்ப்பக்கம் ரோமான்ஷ். மலை மேய்ச்சல் நிலத்தில் ஒரு கோடைக்காலம்: பாலாடைக்கட்டி செய்கிறவர், அவருக்கு உதவியாள், மாடு மேய்ப்பவன், பன்றி மேய்ப்பவன். யாருக்கும் பெயர் கிடையாது. ஹைடியின் அழகான மலை இங்கே சாணியும் மழையும் குடியுமாக இருக்கும். லேத்தா செமடேனியும் அப்படித்தான், இரு மொழியிலும் கவிதை எழுதுகிறார், 2023இல் நாட்டின் பெரிய இலக்கியப் பரிசு அவருக்குப் போனது. வீண் வேலையா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

சுவிட்சர்லாந்து இலக்கிய நோபல் வாங்கியிருக்கிறதா?
– போட்டித் தேர்வு எழுதுபவர், சேலம்

தேர்வுக்கு என்றால்: கார்ல் ஷ்பிட்டலர், 1919. சுவிஸில் பிறந்து வாங்கியவர் அவர் ஒருவரே. பரிசுக் குறிப்பு சொல்லும் நெடுங்காவியத்தை இன்று அங்கேயே யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. அவருடைய ஒரு மேடைப் பேச்சுதான் நிலைத்திருக்கிறது. முதல் உலகப் போரில் ஜெர்மன் சுவிஸ்காரர்கள் மனசு ஜெர்மனியோடும் பிரெஞ்சு சுவிஸ்காரர்கள் மனசு பிரான்ஸோடும் போய், நாடு நடுவில் பிளந்து நின்றபோது, 1914 டிசம்பர் 14 அன்று சூரிச்சில் எழுந்து, மொழியால் சொந்தம் என்றாலும் எல்லைக்கு அப்பால் இருப்பவன் அண்டைவீட்டுக்காரன்தான், எல்லைக்குள் வேறு மொழி பேசுகிறவன்தான் சகோதரன் என்ற பொருளில் பேசினார். ஜெர்மனியில் அவருக்கு இருந்த வாசகர் கூட்டம் கோபித்துக்கொண்டு போய்விட்டது. வாழ்நாள் முழுக்க எழுதிச் சேர்த்த சந்தையை ஒரே மாலையில் தூக்கிக் கொடுப்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

1946இல் வாங்கிய ஹெர்மன் ஹெஸ்ஸே ஜெர்மனியில் பிறந்தவர், 1924இல் சுவிஸ் குடியுரிமை. நம்மவர்கள் விரும்பிப் படிக்கும் 'சித்தார்த்தா'வை அவர் முடித்தது இத்தாலியன் பேசும் தீச்சினோவில், மொன்டான்யோலா கிராமத்தில் இருந்துகொண்டு. தாய்வழித் தாத்தா ஹெர்மன் குண்டர்ட், மலையாள அகராதி செய்த அதே குண்டர்ட், பாசல் மிஷன்காரர். அம்மா பிறந்தது தலச்சேரியில்.

இத்தாலியன் பகுதியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நீங்களும்தானே?
– ஓய்வுபெற்ற நூலகர், நாகர்கோவில்

மறக்கவில்லை, உங்கள் கேள்விக்காகக் காத்திருந்தேன்! ப்ளினியோ மார்ட்டினி என்ற பள்ளி ஆசிரியர், மாஜ்ஜா பள்ளத்தாக்குக்காரர். அவருடைய 1970 நாவலில் ஒருவன் வறுமை தாங்காமல் கலிஃபோர்னியாவுக்குப் போய் மாடு மேய்த்துச் சம்பாதித்துத் திரும்புகிறான், திரும்பி வந்தால் ஊரும் அவனுடையதாக இல்லை. சுவிஸ்காரன் பஞ்சம் பிழைக்கக் கப்பலேறியதை, இன்று அங்கே வங்கிக் கணக்கு பற்றி மட்டும் பேசுகிறவர்கள் படிக்க வேண்டும்.

ஃப்ளோர் யேகி வேறு ரகம். சூரிச்சில் பிறந்து, மிலானில் வாழ்ந்து, இத்தாலியனில் எழுதுகிறவர். அவருடைய மெலிந்த உறைவிடப்பள்ளி நாவல் (1989) ஜெர்மன் பேசும் அப்பென்செல் மலைப்பகுதியில் நடக்கிறது, முதல் பத்தியிலேயே வால்சர் பெயர் வந்துவிடும். எந்த அலமாரியில் வைப்பீர்கள் அதை? கவிஞர் ஃபாபியோ புஸ்தெர்லா, பிரெஞ்சு சுவிஸ் கவிஞர் ஃபிலிப் ஜாக்கொத்தேயை இத்தாலியனுக்குக் கொண்டுவந்தார். அந்த ஜாக்கொத்தே ஜெர்மனிலிருந்து ஆஸ்திரிய நாவலாசிரியர் மூஸிலைப் பிரெஞ்சுக்குக் கொண்டுபோனவர். இப்படிக் கைமாறிக் கைமாறிப் போவதுதான் சுவிஸ் இலக்கியம் என்று சொன்னால் சண்டைக்கு வரமாட்டேன்.

டியூரன்மாட்டா, ஃப்ரிஷ்ஷா?
– நாடகக் கலைஞர், சென்னை

இருவரும் 20ஆம் நூற்றாண்டின் ஜெர்மன் சுவிஸ் எழுத்தாளர்கள். மேடைக்கு டியூரன்மாட், வாசிப்புக்கு ஃப்ரிஷ். டியூரன்மாட்டின் 'மூதாட்டியின் வருகை' (1956) எந்த ஊரிலும் எடுபடும்: பெரும் பணக்காரியாகத் திரும்பி வருகிறவள், இளமையில் தன்னை ஏமாற்றியவனைக் கொன்றால் கோடிகோடியாய்த் தருவேன் என்கிறாள், ஊர் முதலில் சீச்சீ என்கிறது, அடுத்த காட்சியில் எல்லோர் காலிலும் கடனுக்கு வாங்கிய புது மஞ்சள் செருப்பு.

இருவரும் சேர்ந்து செய்த ஒரு காரியம் இந்த இதழின் கேள்விக்குப் பொருத்தம். 1969இல் அரசாங்கம் சிவப்பு அட்டை போட்ட ஒரு 'குடிமக்கள் பாதுகாப்பு'ப் புத்தகத்தை வீடுவீடாக இலவசமாக அனுப்பியது. அறிவுஜீவி, இடதுசாரி என்றால் எதிரிக்குக் கையாள் என்கிற தொனி. அதைப் பிரெஞ்சில் ஆக்கியவர் எழுத்தாளர் சங்கத் தலைவர் மொரீஸ் ஸெர்மாத்தென், அதுவும் மூலத்தைவிடக் காரமாக. ஃப்ரிஷ், டியூரன்மாட், பேட்டர் பிக்சல் உட்பட 22 பேர் சங்கத்தை விட்டு வெளியேறி, 1971இல் ஓல்டன் குழு என்று தனியாக அமைத்தார்கள். ஓல்டன் ரயில் சந்திப்பு. எந்த மூலையிலிருந்தும் ரயில் பிடித்து வந்து, ஸ்டேஷன் உணவகத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு ராத்திரிக்கு வீடு போகலாம். 2002இல்தான் இரண்டு சங்கமும் கலைந்து ஒன்றானது. அந்தப் புத்தகத்தில் இருந்த சந்தேகம் வெறும் பேச்சில்லை: 1989இல் வெளியான ஊழலில், அரசு சுமார் 9 லட்சம் பேர் மேல் ரகசியக் கோப்பு வைத்திருந்தது தெரியவந்தது. ஃப்ரிஷ் மேலும் ஒன்று இருந்தது.

பெர்னில் இருக்கிறோம். எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழ், வெளியில் பெர்ன் ஜெர்மன். இவர்கள் எழுதினால் எந்த இலக்கியம்?
– யாழ்ப்பாணத்து வாசகர், பெர்ன்

எதில் எழுதினாலும் இரண்டு பக்கத்திலும் உரிமை கேட்கலாம். ஆகோதா கிறிஸ்டோஃப் 1956இல் ஹங்கேரியிலிருந்து கைக்குழந்தையோடு எல்லை தாண்டி வந்து, கடிகாரத் தொழிற்சாலையில் ஐந்து வருஷம் வேலை பார்த்து, பெரியவளான பிறகு பிரெஞ்சு கற்று, 1986இல் எழுதிய முதல் நாவல் இன்று உலகமெங்கும் படிக்கப்படுகிறது. சின்னச்சின்ன வாக்கியங்கள், ஈவிரக்கமே இல்லாத நடை. அவர் வாழ்ந்த பிரெஞ்சு பேசும் சுவிஸ் நகரமான நஷாத்தெலில்தான் ஜெர்மனில் எழுதிய டியூரன்மாட்டும் 1952 முதல் சாகும்வரை இருந்தார். மெலிண்டா நாஜ் அபோன்ஜி செர்பியாவின் ஹங்கேரியச் சிறுபான்மையிலிருந்து ஐந்து வயதில் வந்தவர், 2010இல் ஜெர்மன், சுவிஸ் இரண்டு நாட்டின் புத்தகப் பரிசையும் ஒரே நாவலுக்கு வாங்கினார். 'வேலையாட்களைக் கூப்பிட்டோம், வந்ததோ மனிதர்கள்' என்று ஃப்ரிஷ் 1965இல் இத்தாலியத் தொழிலாளர்களை வைத்து எழுதியது. அந்த மனிதர்களின் பிள்ளைகள்தான் இன்று அங்கே நாவல் எழுதுகிறார்கள். சயந்தன் மாதிரி சுவிஸில் இருந்துகொண்டு தமிழில் எழுதுகிறவர்களையும் ஒருநாள் அவர்கள் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

எதிர்த்திசையில் ஒரு பயணமும் உண்டு. ஜெனீவாவைச் சேர்ந்த நிகோலா பூவியே 1953இல் ஒரு குட்டி ஃபியட் காரில் கிளம்பி, கிழக்கே வந்து, 1955இல் இலங்கையில் காலி நகரத்துக் கோட்டைக்குள் வாடகை அறையில் காய்ச்சலோடும் பூச்சிகளோடும் தனியே கிடந்தார். அதை எழுத அவருக்கு 25 வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இலங்கையைச் சுற்றுலாக் கண்ணால் பார்க்காத ஐரோப்பிய நூல் என்று சிலவற்றைச் சொல்லச் சொன்னால் அதைச் சேர்ப்பேன்.

இவ்வளவு பெயர் சொன்னால் தலை சுற்றுகிறது. எதில் தொடங்குவது?
– மென்பொருள் பொறியாளர், பெங்களூரு

டியூரன்மாட்டின் துப்பறியும் குறுநாவல்களில் ஒன்றை ஒரே ராத்திரியில் முடியுங்கள். பிடித்தால் கிறிஸ்டோஃப், அப்புறம் யேகி. மூன்றும் ஆங்கிலத்தில் எளிதாகக் கிடைக்கும், மூன்றும் மெலிதான புத்தகங்கள். கெல்லரின் 'பச்சை ஹைன்ரிஷ்' பெரிய நாவல் என்று யாராவது சொல்லி உங்களை ஆரம்பத்திலேயே அதில் தள்ளப் பார்ப்பார்கள். சொல்வது உண்மைதான், ஆனால் அதை உங்கள் ஓய்வுக்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.